அறுபது லட்சம் புள்ளி

கம்பெனியிலேயே மட்டமான கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். எல்லோரும் ஒரே குரலாக என் கேட் அறையைக் காட்டியிருக்கிறார்கள். அப்படித்தான் அந்தப் பெண் என்னிடம் வந்து சேர்ந்தாள்.

நான் லாரி கம்பெனியின் மெயின் டிப்போவில் கேட்காரன். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. வண்டி வந்தால் நம்பரைப் பார்க்க வேண்டும், சீட்டைப் பார்க்க வேண்டும், தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும். ஐந்தாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சீட்டில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக எவனும் என்னைத் தாண்டிப் போனதில்லை. யாரையும் நம்பாதவனைத்தான் கேட்டில் உட்கார வைக்க வேண்டும். அந்த வகையில் கம்பெனி சரியான ஆளைத்தான் பிடித்திருந்தது.

அவள் ஒரு பையும் ஒரு ஸ்டூலுமாக வந்தாள்.

"தாத்தா, ஒரு வாரம் உங்ககூடத்தான் உட்காரப் போறேன்."

"எதுக்கு? என்னை வேவு பார்க்கவா?"

"உங்களை இல்ல, உங்க மெஷினை. இதுல ஓடிச்சுன்னா வேற எதுலயும் ஓடும்."

"இது ஓடாது பாப்பா. நடக்கும். அதுவும் அதுக்கா மனசு வந்தா."

"எனக்கு முப்பத்திரண்டு வயசு தாத்தா."

"சரி பாப்பா."

விஷயம் இதுதான். கம்பெனிக்கு முந்நூறு லாரி. ஒவ்வொன்றிலும் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அது 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சொல்லுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளையெல்லாம் வரைபடத்தில் போட்டு எல்லோருக்கும் காட்ட வேண்டும். வரைபடம் வரைகிற வேலையை ஏற்கனவே பலர் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதை லைப்ரரி என்கிறாள். சல்லடை போட்டுச் சலித்து மூன்றைக் கொண்டுவந்திருந்தாள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை.

"காசு எவ்வளவு?" என்றேன்.

"காசே வேணாம். யார் வேணா எடுத்துக்கலாம்."

"காசு வேணாம்னு சொல்றவனைத்தான் பாப்பா முதல்ல சோதனை போடணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்," என்று சிரித்தாள். எங்கள் ஊரைச் சுற்றி ஒரு வருஷத்தில் விழுந்த புள்ளிகளைப் பொறுக்கி வந்திருந்தாள். அறுபது லட்சம்.

முதல் நாள் முதல் லைப்ரரி. அது புள்ளியைக் காட்டவே இல்லை. பெரிய பெரிய வட்டமாகப் போட்டு, நடுவில் நாற்பத்தோராயிரம், பதினெட்டாயிரம் என்று எண் எழுதிக் காட்டியது. வட்டத்தைத் தொட்டால் அது வெடித்து நாலு சின்ன வட்டமாகும். அதைத் தொட்டால் இன்னும் சின்னதாக.

"இது என்ன, முட்டைக்குள்ள முட்டையா?"

"அதிகமா இருந்தா சேர்த்துக் கட்டிடும் தாத்தா. அப்பத்தான் மெஷின் தாங்கும்."

"மூட்டைக்காரன். பிரிச்சுக் காட்டாத மூட்டையை நான் கேட்ல விடுறதில்ல."

மூட்டை கட்டாமல் வரை என்று அவள் ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தாள். என் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து போனது. அணைத்துப் போட்டு மறுபடி எழுப்புவதற்குள் வெளியே மூன்று லாரி நின்று ஆரன் அடித்தது. டிரைவர்கள் என் அப்பா பெயரைக் கேட்டார்கள், மரியாதை இல்லாமல்.

இரண்டாம் நாள் இரண்டாவது. அது எல்லாப் புள்ளியையும் ஒன்று விடாமல் கொட்டும் என்றாள். அதற்கு நான் வைத்த பெயர் கொட்டுறவன். புதுக் கம்ப்யூட்டரில் நாலு நொடியாம். என்னுடையதில் மின்விசிறி அலற ஆரம்பித்தது. மேஜை நடுங்கியது. ஐந்து நிமிஷம் வெறும் கறுப்பு. அவள் தேநீர் குடித்து முடித்து, என் தேநீரையும் குடித்து முடித்தாள். பதினோராவது நிமிஷத்தில் வந்தது.

எனக்கு அந்த மாதிரி ஒன்றைப் பார்க்கப்போகிறோம் என்று தெரியாது. கறுப்பில் மஞ்சள் புள்ளி. அடியில் வரைபடமே இல்லை. ஆனாலும் ரோடெல்லாம் தெரிந்தது. லாரி போய்ப் போய் ரோட்டைத் தானே வரைந்திருந்தது. எங்கே வண்டி நிற்குமோ அங்கே புள்ளி மேல் புள்ளி விழுந்து பளிச்சென்று கிடந்தது. நான் விரல் வைத்துச் சொன்னேன்: இது நம்ம டிப்போ, இது வடக்கு டிப்போ, இது டீசல் பங்க், இது எடைமேடை, இது டிரைவர்கள் சாப்பிடுகிற இடம். அவள் ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் தலையாட்டினாள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

பைபாஸில் ஒரு இடம். பங்க் இல்லை, கடை இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் எரிந்துகொண்டிருந்தது.

"பெட்டி தப்பா காட்டுதோ என்னவோ," என்றாள்.

"தப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீசல் திருட்டு. ஓரமா நிறுத்தி டேங்க்ல குழாய் விட்டு உறிஞ்சி விக்கிறானுங்க. நான் இதை எத்தனை வருஷமா பார்க்கிறேன். எழுதிக்கோ. எந்த வண்டின்னு பாரு, எல்லா நம்பரையும் எழுதிக்கோ."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவளும் எழுதினாள். பிறகு அந்த வெளிச்சத்தைத் தட்டினாள்.

"ஆச்சரியமா இருக்கு தாத்தா. எல்லாம் ஒரே வண்டி. முப்பத்தெட்டு தடவை நின்னிருக்கு. ஒன்பது நாள், பத்து நாளுக்கு ஒரு தடவை. தடவைக்கு இருபது நிமிஷம். கடைசி நாலு எண் ஏழு ஒண்ணு நாலு எட்டு."

அது என் மகன் ஓட்டுகிற வண்டி.

நான்கு வருஷம் ஆகிறது. அவன் அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவன் லோடோடு இரண்டு நாள் தூரத்தில் இருந்தான். "அவனை வரச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறான் என்றேன். பொய். சொன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவான், எங்கேயாவது கொண்டுபோய் மோதுவான் என்று பயந்தேன். இவள் எழுந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். அவள் எழவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள்தான் அவன் வந்தான். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான்: "நாலு நாள் இருந்துச்சு இல்லப்பா?" அடுத்த மாதம் வடக்கு டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அங்கே போய்விட்டால் என் கேட் வழியாக வர வேண்டியதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுக்காத போனுக்கு எத்தனை தடவை செய்வது? நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா? நம்பரை மேலாளருக்கு அனுப்பிடவா?"

"இரு. அந்த இடத்தைப் பெருசாக்கு."

புள்ளிக்கு அடியில் மேலிருந்து எடுத்த போட்டோவை விரித்தாள். பைபாஸ் மண்மேட்டின் மேல் போகிறது. மேட்டுக்குக் கீழே ஒரு தெரு. நாலாவது வீட்டு மொட்டைமாடியில் நீலத் தொட்டி, தொட்டி மூடி பறக்காமல் இருக்க மேலே மூன்று செங்கல். அந்தச் செங்கலை வைத்தவன் நான்.

"எத்தனை மணிக்கு நிக்கிறான்?"

"நாலரை. கொஞ்சம் முன்னே பின்னே. ஆனா எப்பவும் சாயங்காலம் நாலரைதான்."

நாலரை என்பது என் மனைவி மாடிக் கொடியிலிருந்து துணி எடுக்கிற நேரம். அதற்குமேல் பைபாஸ் மேட்டின் நிழல் மாடியில் விழுந்துவிடும், துணி மறுபடி ஈரம் வாங்கும் என்பாள். அவள் போன பிறகு நான் எடுக்கிறேன், அதே நேரத்துக்கு. ரோட்டுத் தூசி கண்ணில் விழும் என்று எப்போதும் பைபாஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எடுப்பேன்.

"எழுதினதை அழிச்சிரு," என்றேன்.

"ஏன்? நீங்கதானே திருட்டுன்னு..."

"திருட்டு இல்ல. அது என் வீடு. அவன் என் பையன்."

அவள் அழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு இருக்கு தாத்தா, காட்டவா?" என்றாள்.

அந்த வெளிச்சத்திலிருந்து மெல்லிசாக ஒரு வால் கீழே இறங்கியது. ஒன்பதே புள்ளி. வருஷத்தில் ஒரே ஒரு நாள். பைபாஸ் இறக்கத்தில் இறங்கி, சுற்றி வந்து, எங்கள் தெருமுனையில் ஆறு புள்ளி நின்று, திரும்பிப் போயிருந்தது. தேதியைப் படித்தாள். அந்த வாரம் நான் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கொடியில் துணி இல்லாத வாரம்.

எனக்கு இன்னொன்று நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே எதிர்வீட்டுத் தையல்காரி சொன்னாள், எவனோ தெருமுனையில் லாரியை ஏற்றிச் சாக்கடை சிலாப்பை உடைத்துவிட்டான் என்று. நான் வயிற்றில் தையலோடு நின்று அவனைத் திட்டினேன்.

அன்று மதியம் வீட்டுக்குப் போனதும் நேரே தையல்காரியிடம்தான் போனேன். அவள் குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, என் மகனைப் பார்த்ததில்லை.

"அம்மா, அந்த சிலாப்பை உடைச்ச டிரைவர் ஏதாவது கேட்டானா?"

"கேட்டானே. நாலாவது வீட்டுப் பெரியவர் எங்கன்னு கேட்டான். ஆபரேஷன் ஆச்சு, நல்லா இருக்காரு, திங்கக்கிழமை வந்துடுவாருன்னேன். அப்படியே நின்னான் கொஞ்ச நேரம். அப்புறம்தான் நான் சிலாப்பைப் பார்த்தேன், போட்டேன் ஒரு சத்தம். ஏறிப் போயிட்டான்."

"இதை ஏன் நீ என்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எங்கண்ணே சொல்ல விட்டீங்க? சிலாப்புன்னு வாயைத் திறந்ததுமே அவன் அப்பன், பாட்டன், பரம்பரைன்னு ஒருத்தரை விடாம இழுத்துப் போட்டுத் திட்டுனீங்க. நான் பயந்து உள்ள போயிட்டேன்."

அவன் பரம்பரையில் முதல் ஆள் நான்தான்.

மூன்றாம் நாள் மூன்றாவது லைப்ரரி. இதற்கான படத்தை ஆபீஸில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரே முன்கூட்டி வெட்டித் துண்டு துண்டாக வைத்திருக்கும். நாம் பார்க்கிற துண்டை மட்டும் அனுப்பும். என் மெஷினிலேயே மூன்று நொடியில் வந்து நின்றது. விசிறி சத்தமே இல்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை. நான் நம்பாதது நல்லதாகப் போயிற்று.

"நம்ம இடத்தைக் காட்டு."

காட்டினாள். ஒரே ஒரு புள்ளி. வெளிச்சம் இல்லை, வால் இல்லை.

"மிச்சமெல்லாம் எங்க?"

"கழிச்சிடும் தாத்தா. ஒரே இடத்துல நெருக்கமா இருந்தா ஒண்ணை வெச்சுட்டு மத்ததை விட்டுடும். எப்பவோ ஒரு தடவை வந்த புள்ளியையும் விட்டுடும். மூணுல ரெண்டு பங்கு போயிடும். அதனாலதான் இவ்வளவு வேகம். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பேசும்போதே கடிகாரத்தைப் பார்ப்பார். மூன்றையும் ஓட்டிக் காட்டினாள். இரண்டாவது வருவதற்குள் அவர் இரண்டு போன் பேசி முடித்தார்.

"பெரியவரே, தினம் இதைப் பார்க்கப் போறது நீங்க. உங்களுக்கு எது வசதி?"

"கொட்டுறவன்," என்றேன்.

"என்னது?"

"ரெண்டாவது சார்."

"பதினோரு நிமிஷம் ஆகுதய்யா! படம் வர்றதுக்குள்ள லாரி கேட்டைத் தாண்டி, சரக்கை இறக்கிட்டு, ஊருக்கே போய்ச் சேர்ந்திரும்."

"அது ஒண்ணையும் மறைக்கல சார். மத்தது ரெண்டும் மறைக்குது."

"கேட்டுக்கு எந்த வண்டி வருதுன்னு தெரிஞ்சா போதாதா?"

போதும். கேட்டுக்கு அது போதும். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் எனக்குக் கோபமாக வந்தது. மூன்றாவது என்று முடிவாயிற்று. அவள் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள்: இது புள்ளிகளைக் கழிக்கும், ஒவ்வொரு புள்ளியும் வேண்டுமென்றால் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். மேலாளர் அந்த வரியைப் படித்த மாதிரி தெரியவில்லை.

அவர் போன பிறகு சொன்னாள், "தாத்தா, ரெண்டாவதை உங்க மெஷின்லயே விட்டு வெச்சிருக்கேன். முதல் நாள் புள்ளி மறுநாள் காலையில வந்து சேரும். மாசக் கடைசியில சோதனைக் கணக்கை மூடிடுவாங்க, அப்புறம் வராது. அதுவரைக்கும் பாருங்க."

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவன் கடைசியாக நின்றது அந்த வாரச் செவ்வாய். ஒன்பது நாள், பத்து நாள் என்றால் அடுத்த வியாழன் அல்லது வெள்ளி. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் துணியைத் துவைத்தேன். வாளியோடு மாடி ஏறும்போது ஒரு புத்தி வந்தது. காயப்போடாதே. கொடியை வெறுமையாக விடு. போன தடவை அப்படித்தானே இறங்கி வந்தான்? இந்தத் தடவையும் வருவான். தெருமுனையில் போய் நின்றுகொள், பிடித்துவிடலாம்.

வாளியைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கை கால் எல்லாம் அந்தப் பக்கமே இழுத்தது. அவன் குரலைக் கேட்டு நான்கு வருஷம். ஆனால் அந்த வெறுங்கொடியைப் பார்த்து அவன் என்ன நினைப்பான் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தடவை சேதி சொல்லாமல் தப்பு செய்தேன். இந்தத் தடவை பொய்ச் சேதி சொல்லப் போகிறேனா? அம்மாவுக்குப் பிறகு அப்பனும் போய்விட்டான் என்று பதறி அந்த இறக்கத்தில் அவ்வளவு பெரிய வண்டியை இறக்குவான். எதற்குப் பயந்து அன்றைக்கு வாயை மூடினேனோ அதை நானே செய்வதா?

எல்லாவற்றையும் காயப்போட்டேன். துவைக்க வேண்டாத போர்வையையும் நனைத்துப் போட்டேன்.

நாலரைக்கு ஏறினேன். எடுக்கவில்லை. முதல் தடவையாகப் பைபாஸைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் கண்ணில் புரை. மேட்டின் மேல் போகிறது எல்லாம் எனக்கு நிறம்தான். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒரு நீலம் மட்டும் போகாமல் நின்றது. நின்ற மாதிரி இருந்தது. அது லாரியா, ரோட்டோரத்து விளம்பரப் பலகையா, சத்தியமாகத் தெரியாது. நான் கையைத் தூக்கினேன். கேட்டில் வண்டியை உள்ளே விடுவதற்குத் தூக்குகிற மாதிரி, முழுக் கையையும். தூக்கியபடி நின்றேன். கை வலித்தது, மாற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து தையல்காரி கத்தினாள், "அண்ணே, யாருக்குக் கை காட்டுறீங்க?" "காக்காய்க்கு," என்றேன். மேட்டின் நிழல் துணி மேல் விழுந்தது. எல்லாம் ஈரம் வாங்கியது. வாங்கட்டும்.

இருட்டும்போது நீலம் இல்லை. எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே கொட்டுறவனைத் திறந்தேன். விசிறி அலறியது. கேட்டில் இரண்டு லாரி வந்து நின்றது. கட்டையைத் தூக்கிவிட்டு ஓடி வந்து பார்த்தேன், கறுப்பு. மறுபடி ஒன்று. மறுபடி கறுப்பு. அவளுடைய ஒரு வாரம் முடிந்திருந்தும் அன்று சீக்கிரமே வந்துவிட்டாள், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் வந்தது. அவள் அந்த இடத்தைத் தட்டி, நேற்றைய தேதியை மட்டும் பிரித்தாள்.

"நின்னானா?"

"நின்னிருக்கார் தாத்தா. நாலு முப்பத்தி மூணுக்கு."

"எவ்வளவு நேரம்? இருபதா?"

விரலால் கீழே கீழே இழுத்துக்கொண்டே போனாள். வரிசை முடிகிற மாதிரி இல்லை.

"அறுபத்தெட்டு புள்ளி."

ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் கையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றேனே, அத்தனை நேரமும் அவன் அங்கே இருந்திருக்கிறான்.

"கடைசி ரெண்டு புள்ளி மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கு," என்றாள். "இறக்கம் ஆரம்பிக்கிற இடம். அங்க வரைக்கும் வந்து நின்னுட்டு, அப்புறம் நேரா போயிட்டார்."

"இறங்கல."

"இறங்கல தாத்தா."

வெளியே ஆரன் அடித்தது. போய்க் கட்டையைத் தூக்கினேன். டிரைவர், "என்ன பெரியவரே, கண்ணுல தூசியா?" என்றான். "உன் சீட்டைக் காட்டு முதல்ல," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். உடைந்த சிலாப்புக்குப் பதிலாக யாரோ ஒரு தகரத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். அதைத் தூக்கி எறியச் சொன்னேன். புதுசாக, முக்கால் அடி கனத்தில், உள்ளே இரட்டைக் கம்பி கட்டி ஊற்றச் சொன்னேன்.

"முக்கால் அடியா?" கொத்தனார் தலையைச் சொறிந்தான். "சைக்கிள் போற சந்துண்ணே இது. இங்க எந்த லாரி ஏறப்போகுது?"

"நீ கம்பியைக் கட்டு," என்றேன்.